மின்மீன் முதல் காந்தச் சுருள் வரை

அரபு அகராதிகளைப் புரட்டும் பழக்கமுடையோர்க்கு, ஒரே வேரிலிருந்து கிளைத்துச் செல்லும் சொற்கள் ஊட்டும் வியப்பு தீராத ஒன்று. ரா, ஐன், தால் என்னும் மூன்று எழுத்துகளை எடுத்துக் கொள்வோம். 'ரஃது' என்றால் இடி. 'ரிஃதா' என்றால் உடல் நடுக்கம். 'ரஃஆத்' என்றாலோ நைல் நதியில் வாழும் ஒரு மீன். இடிக்கும் நடுக்கத்திற்கும் மீனுக்கும் என்ன உறவு என்று மத்ரஸாவில் ஓதிய காலத்தில் நாம் எழுந்து நின்று கேட்டதுண்டு. "அந்த மீனைத் தொட்டவன் நடுங்குவான், அவ்வளவுதான், உட்காரும்" என்று நம் உஸ்தாத் சிரித்துக்கொண்டே மறுமொழி பகர்ந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்கள்.

அன்று அவ்விடை கூறிய அப்பெருந்தகைக்கு இன்று வயது எண்பதை நெருங்குகிறது. அம்பத்தூரில் தம் மகன் வீட்டில் வாழ்கிறார்கள். ஏழாண்டுகளாக நடுக்குவாதம் அவர்களைப் பற்றியிருக்கிறது. ஆங்கில மருத்துவர் பார்க்கின்சன் நோய் என்று அழைக்கும் இதனை இக்கால அரபு மருத்துவ நூல்கள் 'அஷ்ஷலலுர் ரஃஆஷ்', அதாவது நடுக்கமூட்டும் வாதம் என்று குறிக்கின்றன. கை நடுக்கத்தை மாத்திரைகள் ஓரளவு அடக்கிவிட்டன. அடங்காதது கால். வீட்டின் கூடத்தில் நன்றாகவே நடந்து வருபவர்கள், வாசற்படியை அணுகியதும் பாதங்களைப் பசையிட்டுத் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிடுவார்கள். உடல் முன்னே செல்ல விழையும், கால் வாராது. அந்நிலையில் யாரேனும் அவசரப்படுத்தினால் விழுந்துவிடுவார்கள். இவ்வாறு இருமுறை விழுந்து, ஒருமுறை மணிக்கட்டு எலும்பு முறிந்தது. தெருவில் சிலர் கண்ணேறு என்றனர். சிலர் ஜின் தீண்டல் என்று கூறித் தாயத்துடன் வந்தனர். உஸ்தாத் அவர்களோ இரு சாராரையும் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சென்ற ஆண்டு அவர்களின் மகன் ஒரு விளம்பரத் தாளுடன் நம்மைத் தேடி வந்தார். கத்தியில்லை, இரத்தமில்லை, தலைமேல் காந்தம் வைத்தால் பத்தே அமர்வுகளில் நடை திரும்பும் என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. கேட்ட தொகையோ பெரிது. மனைவியின் நகைகளை அடகு வைக்க அவர் ஆயத்தமாக இருந்தார். "ஹழ்ரத், நீங்க கிதாபெல்லாம் பாக்குறவங்க. அத்தாவுக்கு இது சரியா வருமா, வராதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். ஒரே வார்த்தையில் கூற நம்மால் இயலவில்லை. நாம் மருத்துவரல்லர். எனினும், மின்னும் காந்தமும் கொண்டு தலையையும் காலையும் சீர்செய்ய மனிதன் முயன்ற வரலாறு மிக நீண்டது. அதில் ஒரு பகுதி நாம் ஓதிய அரபு நூல்களிலேயே கிடக்கிறது. அதனைத் தேடிச் சென்றோம். அவருக்குக் கூறியதையே சற்று விரித்து வாசக நேயர்களின் முன் வைக்கிறோம்.

உரோமப் பேரரசில், கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற மருத்துவர் ஒரு மருந்து நூல் எழுதினார். தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனை நோயாளியின் தலைமேல் வைக்கலாம் என்று அவர் எழுதிவைத்தார். ஊளைச்சதை வீக்கமும் வலியும் கொண்ட வாதக்கால் நோயாளியோ, ஈரக் கடற்கரையில் அம்மீனைக் காலடியில் வைத்து, முழங்கால்வரை மரத்துப்போகும் வரை நிற்க வேண்டும் என்றார். மின்சாரம் என்ற சொல்லே தோன்றாத காலம் அது. அவருக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழித்து வந்த ஜாலீனூஸ், நம் முன்னோர் நூல்தோறும் போற்றும் அந்த கேலன், இதனைத் தாமே சோதித்தார். செத்த மீனை வைத்துப் பார்த்தார், பயனில்லை. உயிர்மீனை வைத்தார், வலி மரத்தது. செத்த மீனையும் ஒப்புக்கு வைத்துப் பார்த்தாரே, அந்தச் செயலை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரையின் பிற்பகுதியில் அது மீண்டும் வரும்.

ஜாலீனூஸின் நூல்கள் பக்தாதில் அரபு மொழிக்குப் பெயர்ந்தபோது இம்மீனும் உடன் வந்தது. இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலிலும், 1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தாரின் மருந்துப் பொருள் நூலிலும் அதற்கு இடமுண்டு. 1200ஆம் ஆண்டை ஒட்டி எகிப்தில் தங்கிய பக்தாத் அறிஞர் அப்துல் லத்தீஃப், நைல் நதியின் ரஃஆத் மீனைப் பற்றித் தம் பயண நூலில் எழுதினார். உயிரோடு தொட்டவன் தன்னைக் கட்டுப்படுத்த இயலாதபடி நடுங்குவான் என்பது அவர் தரும் செய்தி. அம்மீன் 350 வோல்ட் வரை மின்னழுத்தம் பாய்ச்ச வல்லது என்று இன்று அளந்து கூறுகிறார்கள். நம் உஸ்தாத் கூறிய ஒற்றை வரி விடை முற்றிலும் சரியே.

இவர்கள் அனைவரினும் நம்மை ஈர்ப்பவர் குர்துபாவின் இப்னு ருஷ்து. வலையைப் பிடித்திருக்கும் மீனவனின் கை, மீனைத் தொடாமலேயே மரத்துப் போவது எவ்வாறு என்ற வினாவை அவர் எடுத்துக்கொண்டார். காந்தக்கல் இரும்பைத் தொடாமலே இழுப்பதை இதற்கு ஒப்புமையாகக் காட்டினார். மீனின் ஆற்றலையும் காந்தத்தின் ஆற்றலையும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரே தட்டில் வைத்துப் பார்த்த அறிவு அது. இரண்டும் ஒன்றென அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று பெருமை பேச நாம் விரும்பவில்லை. அத்தகைய பெருமைப் பேச்சு நம்மிடையே மிகுந்துவிட்டது. அது அம்மேதைகளுக்குச் செய்யும் மரியாதையுமன்று. அவர் ஒப்புமையை மட்டுமே கண்டார். உறவை நிறுவ மேலும் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

நம் கரையிலும் அம்மீனின் இனம் உண்டு. தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார் ஜான் என்பவர் சோழமண்டலக் கடல் மீன்களைப் பதப்படுத்தி பெர்லின் நகரத்து அறிஞர் ப்ளாக் என்பவருக்கு அனுப்பி வந்தார். ப்ளாக் மறைந்தபின் ஷ்னைடர் அந்நூலை முடித்து 1801இல் வெளியிட்டார். தரங்கம்பாடியில் கிடைத்த சிறு மின்திருக்கைக்கு அந்நூல் இட்ட இலத்தீன் பெயரின் இரண்டாம் சொல் 'டிம்லெய்' என்பது. நம் மீனவர் வாய்ச்சொல்லே இலத்தீனில் ஏறியது என்பர். கால் மரத்துப்போவதைத் 'திமிர்' என்கிறோம். முடக்கு நோயைத் 'திமிர்வாதம்' என்கிறோம். அம்மீனின் பெயரும் இவற்றின் உறவாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. அரபியிலும் தமிழிலும் மீனுக்குப் பெயர் வைத்தவன் தன் கையில் பட்டதையே பெயராக்கியிருக்கிறான்.

மீனின் ஆற்றல் மின்சாரமே என்று 1772இல் பிரான்சின் லா ரோஷெல் கடற்கரையில் ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேயர் காட்டினார். 1791இல் இத்தாலியின் கால்வானி தவளைக் கால் மின்சாரத்தால் துடிப்பதைப் பற்றி எழுதினார். 1800இல் வோல்டா உலோகத் தகடுகளை அடுக்கி முதல் மின்கலத்தைப் படைத்தபோது, அதனை மின்மீனின் உறுப்புக்கே ஒப்பிட்டார். கால்வானியின் மருமகன் அல்டினி, துயரநோய் பீடித்தவர் தலையில் அந்த மின்கலத்தை வைத்துச் சிகிச்சை செய்தார். அதன் பிறகு வந்த நூறாண்டுகள் மின்சாரப் பட்டை, மின்சாரச் சீப்பு, மின்சாரக் குளியல் என விற்றுத் தீர்த்த வணிகர்களின் காலம். அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. விளம்பரத் தாள்கள் அன்றும் இதே குரலில்தான் பேசின.

நோயின் கதைக்கு வருவோம். நடுக்கம் என்ற குறியைப் பண்டை மருத்துவர் நன்கறிவர். ஜாலீனூஸ் அதற்கெனத் தனி நூல் செய்தார். 'கானூன்' நூலில் 'ரஃஷா' என்ற தலைப்பு உண்டு. நம் பகுதியிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே சென்றால் அரும்பாக்கத்தில் 1979இல் தொடங்கப்பெற்ற அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அம்மருத்துவ முறையில் அச்சொல் இன்றும் வழக்கிலுள்ளது. ஆனால் நடுக்கத்தையும் நடைக்கோளாற்றையும் ஒரே நோயின் இரு முகங்களாகப் பிணைத்துக் காட்டியவர், இலண்டனில் ஹாக்ஸ்டன் பகுதி மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். 1817இல் அவர் வெளியிட்ட சிறு நூல் ஆறே நோயாளிகளைப் பற்றியது. அவர்களுள் சிலர் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்கள்கூட அல்லர். தெருவில் நடந்து செல்கையில் அவர் கண்ணிற் பட்டவர்கள். உடல் முன்னோக்கி வளைவதையும், நடக்கத் தொடங்கியவர் தம்மையறியாமல் ஓட்டமாக விரைவதையும் அவர் குறித்து வைத்தார். தெருவில் போகிற ஒரு முதியவரின் நடையை நின்று கவனித்த கண், மருத்துவ வரலாற்றில் ஒரு பெயரை நிலைநாட்டிவிட்டது. நாமோ அத்தகைய முதியவரைக் கண்டால் குடிகாரர் என்று ஒதுங்கிப் போகிறோம்.

அந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டியவர் பாரீசின் ஷார்கோ. தொலைவிலிருந்து இரயிலிலோ வண்டியிலோ குலுங்கி வந்த நோயாளிகள், வந்து இறங்கியதும் தேவலை என்று கூறுவதை அவர் கவனித்தார். உடனே அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்து, 1892இல் அதைப் பற்றி விரிவுரையாற்றினார். மறு ஆண்டு அவர் மறைந்ததால் ஆய்வு நின்றது. நம் உஸ்தாத் அவர்களும் அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார இரயிலில் சென்று இறங்கும்போது கால் இலேசாக இருப்பதாகக் கூறுவார்கள். ஷார்கோவின் கதையை நாம் சொன்னதும், "அப்படியானா ஆவடிக்கும் சென்ட்ரலுக்கும் ஒரு சீசன் டிக்கெட் எடுத்துக் கொடுங்கப்பா" என்றார்கள். 120 ஆண்டுகளுக்குப் பின், 2012இல், சிகாகோ மருத்துவர்கள் அந்நாற்காலியை முறைப்படி சோதித்தனர். ஒரு சாராருக்கு நாற்காலி அதிர்ந்தது; மறு சாராருக்கு அதிரவில்லை. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினர். நன்மை செய்தது அதிர்வன்று என்பது தெளிவாயிற்று.

இவ்விடத்தில் நம் முன்னோர் ஒருவரை நினைவு கூர்தல் தகும். அபூபக்ர் அர்ராஸீ, மூளைக்காய்ச்சலின் குறிகள் தோன்றிய நோயாளிகளுள் ஒரு சாராருக்கு இரத்தம் எடுத்துவிட்டு, மறு சாராரை வேண்டுமென்றே எடுக்காமல் விட்டு ஒப்பிட்டதாக எழுதியிருக்கிறார். கி.பி. 925இல் மறைந்தவர் அவர். இப்னு ஸீனாவும் மருந்தைச் சோதிக்கும் விதிகளை வகுத்தபோது, மனிதனுக்கு உரியதை மனித உடலிலேயே சோதிக்க வேண்டும், சிங்கத்திலோ குதிரையிலோ பார்த்தது போதாது என்று விதித்தார். ஜாலீனூஸின் செத்த மீனும், ராஸீயின் இரத்தம் எடுக்காத சாராரும், சிகாகோவின் அதிராத நாற்காலியும் ஒரே வழியில் வருபவை. 'தஜ்ரிபா' என்று நம் நூல்கள் இதனைக் கூறும்.

சென்னைக்கும் இந்நோயின் வரலாற்றில் பங்குண்டு என்பது நம்மில் பலர் அறியாதது. வேலியோரம் படரும் பூனைக்காலிக் கொடியின் விதையிலிருந்து எல்-டோபா என்னும் பொருளை 1937இல் பிரித்தெடுத்து அறிவித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும் ஆவர். அதே பொருள் ஐரோப்பாவில் 1913இலேயே அகன்ற அவரையிலிருந்து கிடைத்திருந்தது. எனினும் அது நடுக்குவாதத்திற்கு மருந்தாகும் என்று 1937இல் உலகில் எவரும் அறியார். அதற்கு மற்றொரு மூலிகை வழிகாட்ட வேண்டியிருந்தது. தில்லி திப்பியா கல்லூரியில், ஹகீம் அஜ்மல் கானின் ஆதரவில் வளர்ந்த வேதியியல் அறிஞர் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகீ, சர்ப்பகந்தி வேரை ஆராய்ந்து, தாம் பிரித்தெடுத்த பொருளொன்றுக்குத் தம் புரவலரின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். அது 1931. அதே வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தில் ரெசர்பின் என்ற பொருள் பிரிக்கப்பட்டது. 1957இல் சுவீடனின் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து அசைவற்றுப் போன முயல்களுக்கு எல்-டோபா செலுத்தினார், முயல்கள் எழுந்தன. மூளையில் டோப்பமின் என்னும் பொருள் குறைவதே அசைவைக் கெடுக்கிறது என்ற உண்மை இவ்வழியே துலங்கியது. நியூயார்க்கில் கோட்சியாஸ் என்ற மருத்துவர் 1967இல் டோபாவை உயர்ந்த அளவில் கொடுத்து நோயாளிகளை நடக்கவைத்தார். உஸ்தாத் இன்று உட்கொள்ளும் மாத்திரையின் சாரம் அதுவே. பூனைக்காலி விதையை வாங்கி இடித்துத் தின்னலாமா என்று கேட்போர்க்கு ஒரு சொல்: விதைக்கு விதை அளவு மாறும், மாத்திரையோடு சேர்ந்தால் மிகுந்தும் விடும். மருத்துவர் அறியாமல் வேண்டாம்.

அம்மாத்திரைக்கு முந்திய காலத்தில், மண்டையில் துளையிட்டு மூளையின் ஆழத்திலுள்ள சிறு இடத்தைத் தீய்த்து நடுக்கத்தை நிறுத்தும் அறுவைமுறை உலகெங்கும் இருந்தது. 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பறுவைப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் பி. ராமமூர்த்தியும், அவருடன் பணியாற்றிய டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் எஸ். கல்யாணராமன் ஆகியோரும் 1960களில் அதனை இங்கேயே செய்து காட்டினர். பூந்தமல்லி நெடுஞ்சாலை சென்று சேரும் இடத்தில், நம் எளிய மக்களுக்குக் கட்டணமின்றி அது நடந்தது. 1987இல் பிரான்சின் கிரெனோபில் நகரத்தில் பெனாபிட் என்பவர், தீய்ப்பதற்குப் பதிலாக மின்கம்பியை மூளைக்குள் நிலையாக வைத்துத் தூண்டும் முறையைத் தொடங்கினார். அது நடுக்கத்திற்கு நல்ல பயன் தருகிறது. ஆனால் செலவு பெரிது, மண்டையும் திறக்கப்பட வேண்டும். நடையில் கால் உறைந்து நிற்பதற்கு அதன் பயனும் எல்லாருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. மாத்திரையும் அவ்வாறே. கையைத் திருத்துவது கால் உறைவைத் திருத்தாமல் விடுவதுண்டு. ஆகவேதான் மண்டையைத் திறக்காமல் வெளியிலிருந்தே மூளையைத் தூண்ட முடியுமா என்ற வேட்கை எழுந்தது.

இப்னு ருஷ்து ஒரே தட்டில் வைத்த இரண்டும் இங்கேதான் உண்மையாகவே கூடுகின்றன. மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை எழுப்பும் என்று 1831இல் ஃபாரடே நிறுவினார். 1980இல் இலண்டனில் மெர்ட்டனும் மார்ட்டனும் உச்சந்தலைமேல் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தி, விழித்திருப்பவரின் கையை அசையச் செய்தனர். ஆனால் அது வலித்தது. 1985இல் ஷெஃபீல்டு நகரத்தில் ஆன்டனி பார்க்கரும் அவர் குழுவினரும் மின்சாரத்திற்குப் பதில் காந்தத்தைப் பயன்படுத்தினர். கம்பிச் சுருள் ஒன்றில் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த நேரம் வலிய மின்னோட்டம் பாயும். 'டக்' என்று ஓசை எழும். அப்போது தோன்றும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து, மூளைப் பட்டையில் சிறு மின்னோட்டத்தை எழுப்பும். கைவிரல் தானே துடிக்கும். வலியில்லை. இதனையே அடுத்தடுத்துப் பலமுறை செலுத்தினால் அப்பகுதியின் இயல்பு சிறிது நேரம் மாறியிருக்கிறது. 1994இல் பாஸ்குவல் லியோனே என்பவர் நடுக்குவாத நோயாளிகள் சிலரிடம் இதனை முயன்று, கையசைவு விரைவுபட்டதாக எழுதினார். 2000இல் ஜெர்மனியின் நிட்ஷேயும் பவுலுஸும் நனைத்த பஞ்சின் வழியே ஓரிரு மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைச் சில நிமிடங்கள் செலுத்தினால் போதும், மூளைப் பட்டை மாறுதல் காட்டும் என்று கண்டனர். அல்டினியின் பழைய முறை இவ்வாறு அளவுகோலுடன் திரும்பி வந்தது.

கால் விஷயத்தில் ஓர் இடர் உண்டு. மூளையில் கைக்குரிய இடம் பக்கவாட்டில், மேற்பரப்பை ஒட்டி இருக்கிறது. காலுக்குரிய இடமோ உச்சிக்கு நேர் கீழே, இரு பாதிகளுக்கும் இடையேயுள்ள பிளவுக்குள் மறைந்திருக்கிறது. காந்தத்தின் வலிமை தொலைவு கூடக்கூட விரைந்து தேயும். எனவே காலை எட்டுவதற்கு வளைந்த வேறு வகைச் சுருள் தேவைப்படுகிறது. அதனையும் செய்தனர். நடையைத் திட்டமிடும் பகுதிகளையும் தூண்டிப் பார்த்தனர். சிறு ஆய்வுகள் சில, உறைந்து நிற்றல் குறைந்து நடை சற்று விரைந்ததாகவும், அந்நன்மை சில வாரங்கள் நீடித்ததாகவும் தெரிவித்தன. 2018இல் மின்னோட்ட முறையில் ஒரு சிறு ஆய்வு நம்பிக்கையளித்தது. அதே முறையை மேலும் அதிகமானோரிடம் நீண்ட காலம் சோதித்து, 2021இல் பாஸ்டன் முதலிய நகரங்களின் ஆய்வாளர் வெளியிட்ட முடிவில், உண்மைத் தூண்டலுக்கும் ஒப்புக்குச் செய்த தூண்டலுக்கும் கால் உறைவில் வேறுபாடு காணப்படவில்லை. கேலனின் செத்த மீன் மீண்டும் வந்துவிட்டது என்று நாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

ஆனால் செத்த மீனைப் பற்றியும் ஓர் அரிய செய்தி இருக்கிறது. 2006இல் கனடாவில் ஸ்ட்ரஃபெல்லாவும் குழுவினரும், நடுக்குவாத நோயாளிகளுக்குச் சிகிச்சை தருவதாகக் கூறி, உண்மையில் ஆற்றலற்ற போலிச் சுருளைத் தலைமேல் வைத்தனர். அப்போது அவர்களின் மூளையில் டோப்பமின் சுரந்ததை ஒளிப்படக் கருவி காட்டியது. எதிர்பார்ப்பே மருந்தைச் சுரக்கச் செய்திருக்கிறது. ஆகவே விளம்பரக்காரரிடம் சென்று 'கால் இலேசானது' என்று கூறுபவர் பொய் கூறவில்லை. அவ்விலேசு மெய்யே. அது காந்தத்தால் வந்ததா, நகையை அடகு வைத்துவிட்டோமே என்ற ஏக்கத்தோடு கலந்த நம்பிக்கையால் வந்ததா என்பதை அவரும் அறியார், விற்றவரும் அறியார். ஒப்பிட்டுப் பார்த்தவன் மட்டுமே அறிவான்.

இக்காந்த முறையை மனச்சோர்வு நோய்க்கு அமெரிக்க அரசு 2008இல் அனுமதித்தது. நம் நாட்டிலும் மனநோய் மருத்துவத்தில் அது வழங்குகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் போன்ற இடங்களில் ஆய்வுகளும் நடைபெறுகின்றன. நடுக்குவாத நடைக்கோளாற்றிலோ இது இன்னும் ஆய்வு நிலையிலேயே நிற்கிறது. பெரும் தீங்கு அரிது. எனினும் வலிப்பு வர வாய்ப்புண்டு, தலைக்குள் உலோகமோ நெஞ்சில் மின்கருவியோ பொருத்தியவர்க்கு ஆகாது. உஸ்தாதின் மகனுக்கு நாம் கூறியது இது: ஆய்வு நடக்கும் மருத்துவமனை விளக்கிச் சொல்லி, கையொப்பம் பெற்று, கட்டணமின்றி அழைத்தால், அத்தா விரும்பினால் போகலாம். பத்து அமர்வில் நடை திரும்பும் என்று உறுதி கூறிக் காசு கேட்பவரிடம் வேண்டாம். நகை வீட்டில் இருக்கட்டும்.

அவர் முகம் வாடியது. "அப்ப ஒண்ணுமே இல்லையா, ஹழ்ரத்?" என்றார். அந்தக் கேள்வி நம்மைச் சில நாள் உறங்கவிடவில்லை.

பிறகு ஒருநாள் அரசு பொது மருத்துவமனைக்கு நாமும் உடன் சென்றோம். சென்ட்ரல் நிலையத்திலிருந்து சுரங்கப்பாதையில் இறங்குகையில் ஒன்றைக் கண்டோம். படிகளில் உஸ்தாத் தடையின்றி இறங்கினார்கள். சமதளம் வந்து கூட்டம் நெருக்கியதும் நின்றுவிட்டார்கள். மறுபுறம் படி ஏறத் தொடங்கியதும் கால் மீண்டும் வந்தது. மருத்துவரிடம் இதைக் கூறினோம். இளம் வயதுப் பெண்மணி அவர், பொறுமையாகக் கேட்டார். மாத்திரை வேளைகளை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு, "படி ஒவ்வொன்றும் காலுக்கு ஒரு கட்டளை ஐயா. சமதரையில் அக்கட்டளை இல்லை. நீங்கள் கோடு போட்டுக் கொடுங்கள்" என்றார். மூளையின் ஆழத்திலிருந்து தானாக வர வேண்டிய ஏவல் வாராதபோது, கண் வழியாகவோ செவி வழியாகவோ வேறு பாதையில் அதனை அனுப்பலாம். பர்டன் மார்ட்டின் என்ற ஆங்கில மருத்துவர் 1967இல் எழுதிய நூலில் இதனை விளக்கியிருக்கிறார். நடக்கும் திசைக்குக் குறுக்கே, ஓரடி வைப்பின் இடைவெளியில் கோடுகள் இருந்தால் உறைந்த கால் அசையும். திசையோடு இணையாகச் செல்லும் கோடுகளால் அப்பயன் இல்லை.

இதைக் கேட்டதும் நமக்குப் பள்ளிவாசலின் ஸஃப்புக் கோடுகள் நினைவுக்கு வந்தன. கிப்லாவை நோக்கி முன்வரிசைக்குச் செல்கையில் உஸ்தாத் நடப்பார்கள். அக்கோடுகள் குறுக்கே இருக்கின்றன. வரிசையிலேயே பக்கவாட்டில் நகர வேண்டியிருந்தால் நின்றுவிடுவார்கள். அப்போது கோடு இணையாக ஓடுகிறது. இத்தனை வெள்ளிக்கிழமைகள் அருகில் நின்றும் நாம் அதைக் கவனித்ததில்லை. பார்க்கின்சன் தெருவில் நின்று பார்த்ததை நாம் பள்ளிக்குள் நின்றும் பார்க்கவில்லை. ஸஃப்புக்கும் ஸஃப்புக்கும் இடைவெளி நான்கடி. ஒரு முதியவரின் காலடிக்கு அது மிகுதி. ஆகவே வீட்டில் அறையிலிருந்து வாசல்வரை, ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மஞ்சள் நிற ஒட்டுநாடாவைத் தரையில் குறுக்கே ஒட்டினோம். நாடா ஒரு சுருள் வாங்கினோம், பாதி மிச்சமிருக்கிறது.

செவி வழிக்கு உஸ்தாதே ஒரு வழி கண்டார்கள். இலக்கண மாணவர் மனனம் செய்யும் இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யா 'ரஜஸ்' யாப்பில் அமைந்தது. ஒட்டகம் ஓட்டுவோர் பாட்டும் அவ்யாப்பிற்கு நெருங்கியது. அதனை முணுமுணுத்துக்கொண்டு நடந்தால் சீருக்கு ஓரடி வீதம் கால் விழுந்தது. சீரான தாளம் நடுக்குவாத நடையைத் திருத்தும் என்று 1996 முதல் ஆய்வாளர்கள் எழுதி வருகின்றனர் என்பதைப் பின்னர் படித்தோம். அதைவிட நம்மைத் திடுக்கிடச் செய்தது பழைய அகராதி. ரஜஸ் என்ற யாப்பின் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தோம். ஒட்டகத்தைப் பற்றும் ஒரு நோயின் பெயராம் அது. எழும்போது பின்னங்கால்களும் தொடைகளும் நடுங்கி, உடனே நிமிர முடியாமல் தவிக்கும் நோய். யாப்பின் சீர்கள் அவ்வாறு அசைந்து நின்று அசைவதால் அப்பெயர் பெற்றது என்பர் சொல்லாசிரியர்.

இதனை உஸ்தாதிடம் சொல்லிவிட வேண்டுமென்று மறுநாளே விரைந்து சென்றோம். அவர்கள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பேரன், பத்து வயதுச் சிறுவன், கையைப் பிடித்துக்கொண்டு அல்ஃபிய்யாவை உரக்க ஓதி முன்னே நடந்தான். வாசற்படிக்கு இரண்டு கோடுகள் இருக்கும்போது சிறுவன் ஓரிடத்தில் ஃபத்ஹாவை கஸ்ராவாக ஓதிவிட்டான். உஸ்தாத் சினந்து, "திருப்பி ஓது, திருப்பி ஓது!" என்று அவனைத் திருத்திக்கொண்டே வந்தார்கள். திருத்தி முடித்தபோது இருவரும் வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றிருந்தனர்.